ஒரு நாளும் மட்டம் போடாத ஜூம்பா வகுப்பும் ராத்திரியில் வலிக்கும் முழங்காலும்

கேள்வி: எனக்கு வயது 46. எடை 68 கிலோ. வங்கியில் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். இரண்டு முறை ஜிம்மில் பணம் கட்டிவிட்டு இரண்டு மாதம்கூடப் போகாமல் நின்றுவிட்டேன். வாக்கிங்கும் அப்படித்தான். மூன்று மாதமாகத் தெருமுனையில் நடக்கும் ஜூம்பா வகுப்புக்குப் போகிறேன். வாரம் 6 நாள், காலை 6 முதல் 7 வரை. ஆச்சரியம், ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. ஆனால் எடை 1 கிலோதான் குறைந்திருக்கிறது. ஒரு மாதமாக வலது முழங்காலின் உட்பக்கம் வலி. வகுப்பில் ஆடும்போது தெரிவதில்லை, ராத்திரி படி இறங்கும்போது தெரிகிறது. ஸ்டெப்பில் இடம் வலம் குழம்பிவிடுவதால் கடைசி வரிசையிலேயே நிற்கிறேன். குதிக்கிற பாட்டு வந்தால் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். காரணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது; இரண்டும் சுகப்பிரசவம் என்று மட்டும் சொல்கிறேன். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். "ஆட்டம் போடறதெல்லாம் எக்சர்சைஸா? ஒழுங்கா வெயிட் தூக்கும்மா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். வகுப்பையே நிறுத்தச் சொல்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பிசியோதெரபிஸ்ட் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். 6 நாளை 3 நாளாக்குங்கள். ஷூவை மாற்றுங்கள். திரும்பும் ஸ்டெப்பைக் கீழே சொல்கிறபடி போடுங்கள். வகுப்பில்லாத நாட்களில் இரண்டு நாளாவது 20 நிமிடம் தசைக்கான பயிற்சி செய்யுங்கள். அவசரத்துக்கு இவ்வளவு போதும். ஆனால், இரண்டு ஜிம்மையும் வாக்கிங்கையும் விட்டவர் மூன்று மாதம் மட்டம் போடாமல் ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். அதை "ஆச்சரியம்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் முழங்கால் வலிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

இந்த வகுப்புகள் ஆட்கள் பாதியில் நின்றுபோகாமல் இருப்பதற்காகவே உருவானவை. 1969இல் அமெரிக்காவின் இவான்ஸ்டன் நகரில் ஜூடி ஷெப்பர்ட் மிசெட் என்ற ஜாஸ் நடன ஆசிரியை, சேர்ந்த பெண்கள் சில வாரங்களில் நின்றுபோவதைக் கவனித்தார். மேடையேற வேண்டும் என்று யாரும் வரவில்லை. உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஆகவே அவர்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்தார், ஸ்டெப்பை எளிதாக்கினார், ஒவ்வொருவரையும் திருத்துவதை விட்டார். அதுதான் ஜாஸர்சைஸ் என்ற நடன உடற்பயிற்சி. ஜூம்பா பின்னால் வந்தது. கொலம்பியாவின் காலி நகரத்துக்காரரான பெட்டோ பெரெஸ், 1990களில் ஒரு நாள் ஏரோபிக்ஸ் வகுப்புக்கான கேசட்டை மறந்து வந்து, கையிலிருந்த சல்சா, மெரெங்கே என்ற லத்தீன் அமெரிக்க நடன இசைக் கேசட்டுகளைப் போட்டு ஆடவைத்ததில் பிறந்தது என்பார்கள். 2001இல் அமெரிக்காவில் அது நிறுவனமாயிற்று. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை கத்துவதை விட்டுவிட்டு, பாட்டே அடுத்த அசைவைச் சொல்லும்படி அமைத்ததுதான் அதன் சூட்சுமம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று அடுத்த வகுப்பில் கவனித்துப் பாருங்கள். பல்லவிக்கு ஒரு ஸ்டெப், சரணத்துக்கு ஒன்று, இடையிசைக்கு ஒன்று. பல்லவி திரும்பினால் ஸ்டெப்பும் திரும்பும். ஆக ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு அசைவுதான், ஒவ்வொன்றும் 8 எண்ணிக்கைக் கட்டுகளாக மறுபடி மறுபடி வரும். முதல் முறை தடுமாறினாலும் மூன்றாம் முறை கால் தானே போகிறது. அந்தச் சின்ன வெற்றி 4 நிமிடத்துக்கு ஒரு முறை கிடைக்கிறது. பாட்டு முடிந்தால் களைப்புக்கும் ஒரு முடிவு உண்டு. ட்ரெட்மில்லில் இதெல்லாம் கிடையாது. 40 நிமிடமும் கண் முன்னால் இருப்பது ஓடும் எண்கள் மட்டும்தான். உங்களுக்கு ஒழுக்கம் போதவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

இடம் வலம் குழப்பத்துக்கும் இங்கேயே வழி இருக்கிறது. கடைசி வரிசையை விட்டு இரண்டாவது வரிசையின் ஓரத்துக்கு வாருங்கள், பயிற்சியாளரின் பாதம் தெரிகிற இடமாகப் பார்த்து. பின்னால் நின்றால் நீங்கள் பார்ப்பது முன்னால் இருப்பவரின் தவறைத்தான். முதலில் கால் மட்டும். கையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கால் பழகிய பாட்டுக்கு மட்டும் கையைச் சேருங்கள். பயிற்சியாளர் உங்களைப் பார்த்து நின்றால் பெரும்பாலும் கண்ணாடிபோல ஆடுவார், அவருடைய இடதுகால் உங்கள் வலதுகால். எனவே பெயரை யோசிக்காமல் ஜன்னல் பக்கம், வாசல் பக்கம் என்று நினைத்தால் குழப்பம் பாதி தீரும். தொலைந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நடைபோட்டுப் பல்லவிக்குக் காத்திருங்கள்.

எல்லோரும் ஒரே தாளத்தில் ஒரே அசைவைச் செய்வதற்கென்று தனியாக ஒரு பலன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பர் குழுவினர் 2015இல் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடவைத்துச் செய்த ஆய்வில், ஒருமித்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் எல்லை உயர்ந்தது, கூட ஆடியவர்கள் மீது நெருக்கமும் கூடியது. உடல் உழைப்பால் வந்த பலன் தனி. சேர்ந்து ஆடியதால் வந்தது தனி. மூளையில் சுரந்து வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் இதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். காலை 7 மணிக்கு நீங்கள் சிரித்த முகமாக வீடு திரும்புவதற்கு இது ஒரு காரணம். 6.40க்கு முழங்கால் வலி தெரியாமல் போவதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். தெரியாத வலிக்கு நீங்கள் அடங்கிப் போவதில்லை. வேகமாகத் திரும்புகிறீர்கள், இன்னும் கீழே இறங்குகிறீர்கள். ராத்திரி படி இறங்கும்போது அது கணக்குத் தீர்க்கிறது. ஆகவே வகுப்பில் வலிக்கவில்லை என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். மறுநாள் காலை எழுந்து முதல் பத்தடி வைக்கும்போது எப்படி இருக்கிறது என்பதே சரியான அளவுகோல். தாங்கவே முடியாத வலியைப் பத்து என்று வைத்தால், மூன்று வரை வலி இருந்து, காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அந்த அளவு ஆட்டத்தை முழங்கால் தாங்குகிறது. காலையிலும் நீடித்தால் முந்தைய நாள் அதிகம்.

இனி வலி எங்கே என்று பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி, உட்பக்கம் கட்டைவிரலால் அழுத்துங்கள். தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் மூட்டுக் கோட்டிலேயே குத்துகிறதா, அதற்கு மூன்று விரல் கீழே கால் எலும்பின் மேல் குத்துகிறதா? கீழே என்றால், தொடையிலிருந்து வரும் தசைநாண்கள் ஒட்டும் இடமும் அதன் அடியிலிருக்கும் சிறு திரவப் பையும் உரசிப் புண்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வயதுப் பெண்களிடம் இது நிறையப் பார்க்கிற தொந்தரவு. ஆட்டத்தைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கும். மூட்டுக் கோட்டிலேயே என்றால் உள்ளே இருக்கும் ஜவ்வு சம்பந்தப்பட்டிருக்கலாம், ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, ஆடிய சில மணி நேரத்தில் வீங்குவது, நடக்கும்போது மடங்கி விட்டுக்கொடுப்பது, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலிப்பது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கெண்டைக்கால் வீக்கம் என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு இடத்துக்கும் மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க, உடம்பு திரும்புகிறது. முழங்கால் கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளத்தான் அமைந்தது, திரும்புவது இடுப்பு மூட்டின் வேலை. பாதம் சுழன்று கொடுத்தால் இடுப்பு திரும்பிக்கொள்ளும். பாதம் ஒட்டினால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலின் உட்பக்கம் இறங்கும். நீங்கள் என்ன போட்டு ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை; நம்மூரில் பெரும்பாலோர் வாக்கிங்குக்கு வாங்கிய ரன்னிங் ஷூவோடுதான் வருகிறார்கள். அது நேராக முன்னே ஓடச் செய்தது. அடியில் ஆழமான பள்ளங்கள், பஞ்சு மாதிரி உயர்ந்த குதிகால். திரும்பினால் பிடிக்கும், பக்கவாட்டில் வைத்தால் கணுக்கால் சாயும். வெறுங்காலும் சரியான மாற்று ஆகாது. வேர்த்த பாதம் டைல்ஸில் ஒரு சமயம் ஒட்டும், ஒரு சமயம் வழுக்கும்; அடியில் கான்கிரீட் என்பதால் குதிகால் வலியும் சேரும்.

கடையில் கிராஸ் ட்ரெயினிங் ஷூ அல்லது டான்ஸ் ஸ்னீக்கர் கேளுங்கள். விலையைவிட மூன்று சோதனை முக்கியம். ஷூவை முனையும் குதிகாலும் பிடித்து மடக்கினால், விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் அல்ல. முன்பாதத்தின் அடிப்பகுதி பள்ளம் குறைந்து வழவழப்பாக இருக்க வேண்டும். போட்டுக்கொண்டு முன்பாதத்தில் நின்று கால்வாசி வட்டம் திரும்பினால், பிடிக்காமல் சுழல வேண்டும். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்படாமல் திரும்பியே பாருங்கள். அந்த ஷூவைத் தெருவில் போடாதீர்கள், மணல் ஏறினால் டைல்ஸில் வழுக்கும்.

திரும்பும் ஸ்டெப் இப்படி: எடையை முன்பாதத்துக்கு மாற்றுங்கள், குதிகாலைத் தூக்குங்கள், பிறகு பாதமும் முழங்காலும் இடுப்பும் ஒரே நேரத்தில் ஒரே திசைக்குத் திரும்பட்டும். எந்த நேரத்திலும் முழங்கால் சில்லு உங்கள் இரண்டாவது கால்விரலைப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் மெதுவாகப் பத்து முறை செய்தால் வித்தியாசம் புரியும். பாட்டு வேகமாக இருந்தால் சுழலவே வேண்டாம். ஒரு சுற்றை நான்கு சின்ன நடையாகப் பிரித்துவிடுங்கள், தாளத்துக்குச் சரியாகவே இருக்கும். நம் வகுப்புகளில் நடுநடுவே போடுகிற குத்துப்பாட்டில் இன்னொரு சிக்கல். முழங்காலை மடக்கி இறங்கியபடியே காலைத் தரையில் அடிக்கிறோம். இப்போதைக்குப் பாதி ஆழம் மட்டும் இறங்குங்கள், அடியையும் மெதுவாக வையுங்கள். இடுப்பும் தோளும் ஆடட்டும், பாட்டின் உற்சாகம் குறையாது.

பயிற்சியாளரிடம் வலியைச் சொல்லிவிடுங்கள். ஜூம்பா சொல்லித்தர உரிமம் பெறும் அடிப்படைப் பயிற்சி ஓரிரு நாள்தான். தாளமும் ஸ்டெப்பும் வகுப்பு நடத்தும் விதமும் கற்றுத்தருவார்கள். உங்கள் ஜவ்வின் நிலையை அவர் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மகள் சொல்வதில் பாதி சரி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்கிறது. அதோடு வாரம் 2 நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. வாரம் 3 வகுப்பு என்றால் முதல் பாதியை நீங்கள் ஏறக்குறைய முடித்துவிடுகிறீர்கள். ஆட்டம் எக்சர்சைஸா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஆரோக்கியமான இளம்பெண்கள் 19 பேரை ஜூம்பா ஆடவைத்து அளந்தபோது நிமிடத்துக்குச் சராசரியாக 9.5 கலோரி செலவானது. அது வேகமான உழைப்பின் அளவு. ஆனால் ஜூம்பா தொடைக்கும் இடுப்புக்கும் போதிய பளு தருவதில்லை. அந்தப் பலம் குறைவாக இருந்தாலும் திருகல் முழங்காலுக்குப் போகும்.

வெயிட் தூக்க ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இறங்கும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். ஒவ்வொன்றும் 10 முறை, இரண்டு சுற்று. மூச்சை அடக்காதீர்கள், பி.பி. ஏறும், எழும்போது மூச்சை விடுங்கள். 15 முறை சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் பளுவைக் கூட்டுங்கள்: 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் 2 கிலோ, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருங்கள். எண்ணிக்கை மட்டும் கூடினால் பலம் பெரிதாகக் கூடாது. இங்கேதான் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

எடை விஷயத்தில் நீங்கள் ஏமாற வேண்டியதில்லை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 60 நிமிட வகுப்பில் தண்ணீர் குடிக்கிற நேரம், பாட்டு மாறுகிற நேரம் போக உண்மையான ஆட்டம் 45 நிமிடம் இருக்கும். அந்த 19 இளம்பெண்கள் ஆடிய வேகத்தை உங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. குதிக்காமல் மிதமாக ஆடினால், சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்த பிறகு, 68 கிலோ எடைக்கு ஒரு வகுப்புக்குச் சுமார் 200 கலோரி. வாரம் 6 என்றால் 1,200. மூன்று மாதத்துக்கு 15,000ஐ ஒட்டி வரும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. ஆக, சாப்பாடு துளியும் கூடாமல் இருந்திருந்தால் 2 கிலோ குறைந்திருக்கும். 1 கிலோ குறைந்திருக்கிறது. வகுப்பு முடிந்து வரும்போது இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் என்றால் அன்றைய 200 அதிலேயே போய்விடும். எடை குறைய வேண்டும் என்றால் அதைத் தட்டில் பாருங்கள். வகுப்பின் பலனைப் பார்க்கத் தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, பி.பி. மூன்றையும் மாதம் ஒரு முறை குறித்துவையுங்கள். பி.பி. தொடர்ந்து குறைவாக இருந்தால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பி.பி. பற்றி இன்னும் ஒன்று. உங்கள் வயதுக்கு அதிகபட்ச இதயத்துடிப்பு ஏறக்குறைய 176. மிதமான உழைப்பு என்பது அதில் 113 முதல் 134 வரை. ஆனால் மாத்திரையின் பெயர் அட்டெனலால், மெட்டோப்ரலால் என்று "லால்" முடிவில் வந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அவை துடிப்பை ஏறவிடாது. அப்போது கையிலிருக்கும் ஸ்மார்ட் வாட்சை நம்பாமல் பேச்சை நம்புங்கள்: ஒரு முழு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அளவு சரி. நல்ல பாட்டு களைப்பை மறைக்கும் என்பதால், இரண்டு பாட்டுக்கு ஒரு முறையாவது பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்லிப் பாருங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அப்படியே நிற்கவோ குனியவோ செய்யாமல் 5 நிமிடம் மெதுவாக நடந்து ஆற்றுங்கள், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நேரத்தில் தலைசுற்றல் வரலாம். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் எழுதக் கூச்சப்பட்டதற்கு வருகிறேன். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்றே புரிந்துகொள்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு மிக நிறையப் பெண்களுக்கு இருக்கும் பிரச்சினை இது. அந்த வகுப்பில் உங்களைப்போல ஒதுங்குகிறவர்கள் இன்னும் சிலர் நிச்சயம் இருப்பார்கள், ஒருவருக்கொருவர் தெரியாது, அவ்வளவுதான். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் வருகிறது, பயிற்சியால் பெரும்பாலோருக்கு நன்றாகவே குறைகிறது. வாயுவை அடக்குவதுபோலப் பின்னாலும் சிறுநீரை அடக்குவதுபோல முன்னாலும் உள்நோக்கி மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. 6 முதல் 8 எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்துங்கள். இப்படி 8 முதல் 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பலர் தளர்த்துவதை மறந்துவிடுகிறார்கள், அப்போது தசை சோர்ந்து பலன் வராது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், சிறுநீர் அடர்ந்துபோனால் சிறுநீர்ப்பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்தும். தும்மல், இருமல், பளு தூக்குவது, எதற்கும் ஒரு கணம் முன்னால் அந்தத் தசையை இழுத்துக்கொள்ளப் பழகினால் வேகமாக வித்தியாசம் தெரியும். மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றாலும், அடியில் ஏதோ இறங்குவதுபோலக் கனமாக இருந்தாலும், மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அதுவரை குதிக்கிற பாட்டுக்கு ஓரமாகப் போய் நிற்க வேண்டாம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படி அதே ஸ்டெப்பை ஆடுங்கள்: குதிக்கிற இடத்தில் குதிகாலை மட்டும் உயர்த்துங்கள், இரண்டு காலையும் விரித்துக் குதிக்கிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு அடி வைத்துத் திரும்புங்கள். குதித்து இறங்கும்போது உடல் எடையைப்போல 2, 3 மடங்கு பளு காலில் விழுகிறது. இப்படி ஆடினால் அது எடையை ஒட்டியே நிற்கும். கை அசைவைப் பெரிதாக்கினால் மூச்சு வாங்குவதும் குறையாது.

திரும்பக் குதிக்க எப்போது தயார் என்பதை நாள் எண்ணித் தீர்மானிக்காதீர்கள். ஒற்றைக்காலில் நின்று, சுவரை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, குதிகாலை 20 முறை உயர்த்த முடிய வேண்டும், வலதிலும் இடதிலும். ஒரு படிக்கட்டிலிருந்து வலதுகாலை ஊன்றி மெதுவாக இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல், வலிக்காமல் இருக்க வேண்டும். நின்ற இடத்தில் பத்து சின்னக் குதி குதித்தால் கசிவு இருக்கக் கூடாது. மூன்றும் முடிந்த வாரத்தில், ஒரு வகுப்புக்கு ஒரு பாட்டு என்று ஆரம்பியுங்கள். மறுநாள் காலை முழங்கால் அமைதியாக இருந்தால் அடுத்த வாரம் இரண்டு பாட்டு.